நூலகப் பணியாளர் பரிந்துரைக்கும் புதிய மர்ம நாவல்களையும் மிகுபுனைவுகளையும் நம்பி எடுக்கலாமா?

2 ஜூன் 2025, ஒரு வாசகரின் கேள்வி

அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் ஊரின் பொது நூலகத்தில், நுழைந்ததும் கண்ணில் படும்படி 'பணியாளர் பரிந்துரை' என்று ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பாலும் புதிதாக வந்த மர்ம நாவல்களும் ஃபேண்டஸி எனப்படும் மிகுபுனைவு நாவல்களுமே இருக்கின்றன. மூன்று முறை நம்பி எடுத்தேன். இரண்டு முறை பாதியிலேயே மூடிவிட்டேன். அவர்கள் உண்மையிலேயே படித்துவிட்டுத்தான் எழுதுகிறார்களா, பதிப்பகத்தார் பின்னட்டையில் அச்சிடுவதை வேறு சொற்களில் எழுதி வைக்கிறார்களா? நூலகத்தில் வேலை செய்பவர் எவரேனும் விளக்கினால் நல்லது.

2 ஜூன் 2025, இரவு

நியூ ஜெர்சியில் ஒரு சிறிய ஊரின் பொது நூலகத்தில், நூல் வழங்கும் மேசையில் ஒன்பது ஆண்டுகளாகப் பகுதிநேரமாக வேலை செய்கிறேன். அப்படிப்பட்ட தட்டில் நூலோடு வைக்கும் பரிந்துரை அட்டைகள் பலவற்றை நானே எழுதியிருக்கிறேன். எங்கள் நூலகத்தில் எழுதியவரின் பெயரோடு இருக்கும் அட்டை, அவர் படித்து முடித்து எழுதியதுதான். பெயரில்லாமல் 'புது வரவு' என்று மட்டும் இருந்தால், அந்த நூல் வந்து சேர்ந்திருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் கலந்து வைப்பதால்தான் வாசகர்களுக்கு இந்தக் குழப்பம் வருகிறது.

வெளிவந்து இரண்டு நாள்கூட ஆகாத நாவலை ஒருவர் எப்படிப் படித்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். பதிப்பகங்கள் வெளியீட்டு நாளுக்குச் சில மாதங்கள் முன்பே, பிழைதிருத்தம் முழுதாக முடியாத முன்பிரதிகளை நூலகப் பணியாளர்களுக்கும் புத்தகக் கடைக்காரர்களுக்கும் தருகின்றன. முன்பெல்லாம் தாளில் வந்த அவை இப்போது பெரும்பாலும் நெட்கேலி, ஈடெல்வைஸ் என்னும் இரண்டு இணையத்தளங்கள் வழியே மின்பிரதிகளாக வருகின்றன. 2013 செப்டம்பரிலிருந்து லைப்ரரிரீட்ஸ் என்னும் அமைப்பு, அமெரிக்கப் பொது நூலகங்களின் பணியாளர்கள் அளிக்கும் வாக்குகளைக் கொண்டு, அடுத்து வரவிருக்கும் நூல்களில் பத்தைத் தேர்ந்தெடுத்து மாதந்தோறும் பட்டியலிடுகிறது. வாக்களிக்க நூலகவியல் பட்டம் வேண்டியதில்லை. திரும்பி வந்த நூல்களை வண்டியில் தள்ளிச் சென்று அடுக்குகிறவருக்கும் தலைமை நூலகருக்கும் ஒரே மதிப்புள்ள வாக்குதான். அந்தப் பட்டியலில் பெரும்பாலான மாதங்களில் மர்மக்கதையோ மிகுபுனைவோ ஒன்றிரண்டாவது இருக்கும்.

ஆகவே, படிக்கிறோம். ஆனால் எதைப் படிக்கிறோம் என்பதில் பதிப்பகத்தின் கை இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் முன்பிரதிகள் எளிதாகக் கிடைக்கும். இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் சிறு பதிப்பகத்தின் நூலை நாமேதான் தேடிப் போக வேண்டும். அந்தப் பத்து நூல்கள், பணியாளர்களின் கைக்கு எட்டியவற்றுள் சிறந்த பத்து.

3 ஜூன் 2025

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 'படிக்கிறோம்' என்று பன்மையில் சொன்னது, எல்லோரும் படிப்பதாகப் பொருள் தந்துவிட்டது. எங்கள் நூலகத்தில் பகுதிநேரத்தவர் உட்படப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். முன்பிரதிகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் நால்வர் மட்டுமே. அதற்கென்று வேலை நேரத்தில் ஒரு நிமிடமும் ஒதுக்கப்படுவதில்லை. வீட்டில், இரவுச் சமையலை முடித்துப் பாத்திரங்களைக் கழுவிவிட்டுப் படிப்பதுதான்.

7 ஜூன் 2025

மூன்றில் இரண்டு பொய்த்துப்போயின என்று எழுதியிருந்தீர்கள். அந்த இரண்டும் மோசமான நாவல்களா, உங்களுக்கு ஒத்துவராத நாவல்களா என்பதைச் சில நாள்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தட்டில் இருக்கும் அட்டை உங்களை அறியாது. எதிரில் வருகிற எல்லோருக்கும் அது ஒன்றையே சொல்கிறது. மேசைக்கு வந்து கேட்டிருந்தால் உங்களிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டிருப்போம்: கடைசியாக நீங்கள் விரும்பிப் படித்த நாவல் எது, அதில் உங்களைப் பிடித்து நிறுத்தியது எது?

சியாட்டில் நகரில் நூலகராக இருந்த நான்சி பேர்ல், ஒரு நாவலுக்குள் வாசகர் நுழையும் வாசல்கள் நான்கு என்பார்: கதை, மனிதர்கள், இடம், மொழி. சிலருக்கு அடுத்து என்ன நடக்கும் என்பதே போதும்; சிலருக்கு அந்த ஊரில் சில நாள்கள் குடியிருந்த உணர்வு வேண்டும். மர்ம நாவல் என்றாலே கதை வாசல்தான் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஒன்பது ஆண்டுகளில் நான் கண்டது அப்படியில்லை. துப்பறிகிறவரின் குணத்துக்காகவே தொடரின் பதினெட்டாவது பாகம் வரை வந்தவர்களுக்கு, கொலையாளி யார் என்பது இரண்டாம் பட்சமாகிவிடுகிறது.

இதை நான் கற்றது ஒரு தவறிலிருந்து. சில ஆண்டுகளுக்கு முன், எழுபதைத் தாண்டிய ஓர் அம்மையார் மேசைக்கு வந்து, ரத்தமும் வன்முறையும் இல்லாத, மனத்துக்கு இதமான மர்மக்கதை ஒன்று வேண்டும் என்றார். 2020-இல் வெளிவந்த 'த தர்ஸ்டே மர்டர் கிளப்' நாவலைக் கொடுத்தேன். முதியோர் குடியிருப்பில் வாழும் நால்வர் வாரந்தோறும் கூடிப் பழைய கொலைவழக்குகளை ஆராயும் கதை; சிரிக்க வைக்கும் கதை என்று பெயர் பெற்றது. மூன்றாம் நாளே திருப்பிக் கொடுத்தார். நன்றாக இருந்ததா என்று கேட்டேன். "நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருடைய கணவர் நினைவிழப்பு நோயில் நீண்ட நாள் கிடந்து அந்தக் குளிர்காலத்தில்தான் இறந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. அந்த நாவலில் நினைவு மங்கிக்கொண்டே போகும் ஒரு கணவர் இருக்கிறார். அவருடைய மனைவிதான் கதையை நடத்திச் செல்கிறவர். நான் அதைப் படித்திருந்தேன். படித்திருந்தும், என் நினைவில் நின்றது நகைச்சுவை மட்டுமே.

அன்றிலிருந்து ஒரு நாவலைப் படித்து முடித்ததும் குறிப்பேட்டில் இரண்டு வரி எழுதி வைக்கிறேன். ஒன்று, இதை யாருக்குக் கொடுக்கலாம் என்பது. மற்றொன்று, யாருக்கு இப்போது கொடுக்கக் கூடாது என்பது.

8 ஜூன் 2025

அந்த நாவலைக் குறை சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். முதுமையையும் இழப்பையும் மறைக்காமல் எழுதியிருப்பதுதான் அதன் பெருமை என்று இன்றும் கருதுகிறேன். இப்படிப்பட்ட இதமான மர்மக்கதைகளை ஆங்கிலத்தில் 'கோஸி' என்று வகைப்படுத்தும்போது, ரத்தம் கண்ணுக்குத் தெரியாது என்பதை மட்டுமே அந்தச் சொல் உறுதி சொல்கிறது. துயரம் இராது என்று அது எங்கும் சொல்வதில்லை. அப்படி நாமாக நினைத்துக்கொள்கிறோம். அந்த அம்மையார் இன்றும் வருகிறார். தோட்டக்கலை நூல்களை எடுத்துச் செல்கிறார்.

15 ஜூன் 2025

அட்டை எழுதும் முறையைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் அட்டை உள்ளங்கை அகலம். நாற்பது சொற்களுக்கு மேல் எழுதினால் நின்று படிக்க மாட்டார்கள். மிகுபுனைவுக்கு எழுதுவது ஒருவகையில் எளிது, ஏனென்றால் அந்த உலகத்தின் ஒரு விதியைச் சொன்னால் போதும், வாசகரின் கற்பனை மீதியைச் செய்துகொள்ளும். மர்ம நாவலுக்கு எழுதும்போதோ ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் அத்தியாயத்துக்கு அப்பால் நிகழும் எதையும் சொல்லக் கூடாது என்பது எங்களுக்குள் வைத்துக்கொண்ட விதி.

அது போதாது என்பதையும் ஒரு வாசகர்தான் எனக்குச் சொன்னார். 'எதிர்பாராத திருப்பம் உண்டு' என்று ஓர் அட்டையில் எழுதியிருந்தேன். அதைப் படித்தவர், முதல் பக்கத்திலிருந்தே எவரையும் நம்பாமல், எல்லோரையும் ஐயத்துடன் பார்த்துக்கொண்டே போய், ஆசிரியர் ஒளித்து வைத்திருந்ததைப் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டாராம். 'திருப்பம் உண்டு' என்று சொல்வதே ஒரு திருப்பத்தைக் கெடுக்கும் செயல் என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. பதிப்பகத்தின் பின்னட்டை அதைத்தான் கொட்டை எழுத்தில் செய்கிறது என்பதால், நாமும் செய்யலாம் என்று ஆகிவிடாது.

இப்போது அட்டையில் நான் எழுதுவது வேகம், இடம், சொல்பவரின் குரல் ஆகிய மூன்றையும்தான். இந்த அணுகுமுறைக்கு மூலம் ஜாய்ஸ் சாரிக்ஸ் என்பவர் நான்சி பிரவுனுடன் சேர்ந்து 1989-இல் வெளியிட்ட கையேடு. கதைப்பொருளைக் காட்டிலும், ஒரு நாவல் எவ்வளவு வேகமாக நகர்கிறது, அதன் மனிதர்கள் எத்தகையோர், அதன் சூழல் எப்படிப்பட்டது என்பனவே வாசகரை அடுத்த நூலுக்கு அழைத்துச் செல்லும் என்று அது விளக்குகிறது. என் தலைமை நூலகர் முதல் வாரத்தில் என் கையில் கொடுத்த நூல் அது.

16 ஜூன் 2025

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். 'இரவெல்லாம் கீழே வைக்க முடியவில்லை' என்று எந்த அட்டையிலாவது கண்டால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். எந்த நாவலுக்கும் அதை எழுதிவிடலாம்.

29 ஜூன் 2025

நூலின் முதுகில் ஒட்டும் வில்லைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். பல பொது நூலகங்களில் புனைவு நூல்கள் ஒரே வரிசையில் இருப்பதில்லை. மர்ம நாவல்களுக்கு ஒரு வில்லை, தனி அடுக்கு. அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் சேர்த்து இன்னொரு வில்லை, இன்னோர் அடுக்கு. விரும்பும் வகையை நேரே சென்று எடுக்க முடிகிறது என்பது நன்மை. ஆனால் மர்ம அடுக்கில் நிற்பவர் இருபது அடி நடந்து அடுத்த அடுக்குக்குப் போவதே இல்லை.

2024 பிப்ரவரியில் ராபர்ட் ஜாக்சன் பென்னட் எழுதிய 'த டெய்ன்டட் கப்' வந்தபோது இதனால் மிகவும் சங்கடப்பட்டேன். ஒரு மாளிகையில் அரசு அதிகாரி ஒருவர் இறந்து கிடக்கிறார். அவர் உடலைப் பிளந்துகொண்டு ஒரு மரம் முளைத்து நிற்கிறது. விசாரிக்க வேண்டியவர் ஆனா என்னும் அம்மையார். பெரும்பாலும் வீட்டைவிட்டு வெளியே வராதவர், கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு சிந்திப்பவர். அவருக்காக வெளியே சென்று பார்த்து வருபவன், கண்டதெதையும் மறக்காதபடி உடல் மாற்றியமைக்கப்பட்ட இளைஞன் தின். கடலிலிருந்து மழைக்காலந்தோறும் எழுந்து வரும் பேருயிர்களைத் தடுக்க மதில் எழுப்பி வாழும் ஒரு பேரரசு இதன் களம். எந்த வில்லையை ஒட்டுவது? மிகுபுனைவு வில்லைதான் ஒட்டினோம். வேறு எதுவும் செய்ய இயலாது. ஒரு நூலுக்கு ஓர் இடம்தான். ஆனால் அதன் எலும்புக்கூடு முழுவதும் செவ்வியல் துப்பறியும் கதை. வீட்டிலேயே இருக்கும் மேதையும் வெளியே அலையும் உதவியாளரும் என்ற இணை, 1934 முதல் ரெக்ஸ் ஸ்டவுட் எழுதிய நீரோ வுல்ஃப் துப்பறியும் கதைகளிலேயே புகழ்பெற்றது.

மாயம் நுழைந்தால் துப்பறிதல் செத்துவிடும் என்று ஒரு பழைய அச்சம் உண்டு. பிரிட்டனில் ரொனால்டு நாக்ஸ் என்னும் பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தபோது, இயற்கைக்கு அப்பாற்பட்ட எதுவும் இடம்பெறக் கூடாது என்பதை அவற்றுள் ஒன்றாக வைத்தார். அதற்குக் காரணம் உண்டு. பூட்டிய அறைக்குள் கொலைகாரன் எப்படி நுழைந்தான் என்று வாசகர் நூறு பக்கம் யோசித்த பிறகு, சுவரை ஊடுருவும் மந்திரம் அவனுக்குத் தெரியும் என்று சொல்வது ஏமாற்று. அறிவியல் புனைவுக்கும் இதே தடை சொல்லப்பட்டது; அதை மறுத்துக் காட்டுவதற்காகவே ஐசக் அசிமோவ் 1950-களில், மனிதக் காவலர் ஒருவரும் ரோபோ ஒருவரும் சேர்ந்து கொலையைத் துப்பறியும் நாவலை எழுதினார். விடை எளியதுதான். உலகத்தின் விதிகளை ஆசிரியர் முன்கூட்டியே வாசகரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு அவற்றை மீறக் கூடாது. பென்னட் அதை நேர்மையாகச் செய்திருக்கிறார். எந்தச் செடி எவ்வளவு நேரத்தில் வளரும் என்பது வரை நம்மிடம் சொல்லிவிட்டுத்தான் புதிர் போடுகிறார்.

ஆகவே அதற்கு இரண்டு அட்டைகள் எழுதி, ஒன்றை மர்ம அடுக்கின் நடுவிலேயே வைத்தேன்: 'நூல் இங்கே இல்லை, எதிர் அடுக்கில் இருக்கிறது, மாயக்கதை என்று தள்ளிவிடாதீர்கள், தடயங்கள் எல்லாம் உங்கள் கண்முன்னே வைக்கப்படுகின்றன.' அந்த வாரம் அது ஒருமுறைகூட அடுக்கில் தங்கவில்லை.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. இரண்டும் ஒன்றையே திருப்பிச் சொல்வதாகப் படிக்கும் காலத்தில் நினைத்தேன். இல்லை. மேசையில் கேள்விக்குப் பதில் சொல்லும்போது இரண்டாம் விதியில் நிற்கிறோம்; யாரும் கேட்காத நூலுக்காக அட்டை எழுதி வைக்கும்போது மூன்றாவதில் நிற்கிறோம். பணியாளர் பரிந்துரை என்னும் தட்டு முழுவதும் மூன்றாம் விதிக்கு உரியது.

12 ஜூலை 2025

மகள் வீட்டுக்கு ஆறு மாதம் தங்க வந்திருக்கும் ஒரு பெரியவர், கும்பகோணத்துக்காரர், பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு வந்தார். என் பெயரட்டையைப் பார்த்ததும், "தமிழாம்மா? துப்பறியும் நாவல் ஏதாவது இருக்குமா?" என்று கேட்டார். எங்கள் தமிழ்த் தட்டில் நாற்பது நூல்கள் இருந்தால் அதிகம், பெரும்பாலானவை குழந்தைகளுக்கானவை. இல்லை ஐயா என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீரை அருந்தி அருந்திச் சிந்திப்பதைப் படித்த காலத்தில், தாமும் தேர்வுக்குப் படிக்கும்போது அப்படியே செய்ததாகச் சொன்னார். பிறகு வேலைக்குப் போய் வந்த ஆண்டுகளில், பேருந்து நிலையக் கடையில் தொங்கும் மாத நாவல்களை வாங்கி, ஊர் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடுவாராம். அவருடைய ஊர்க் கிளை நூலகத்தில் அவை கிடைக்கவில்லையா என்று கேட்டேன். மேசையில் இதழ்களோடு கிடக்கும், மாத இறுதியில் கட்டிப் போட்டுவிடுவார்கள் என்றார். இதைக் கேட்டபோது எனக்கு ஓர் உண்மை விளங்கியது. தமிழில் மர்மக்கதை பல பத்தாண்டுகள் நூலாக வாழ்ந்ததைவிட இதழாக வாழ்ந்ததே அதிகம். இதழை எந்த நூலகமும் அடுக்கில் வைத்து, அட்டை எழுதிப் பரிந்துரைப்பதில்லை. இத்தனை பெரிய வாசகர் கூட்டம் இருந்தும், ஒரு நூலகர் தம் கையால் எடுத்து நீட்டிய மர்ம நாவலைப் பெற்ற அனுபவம் நம்மில் பலருக்கு இல்லாததன் காரணங்களில் இது ஒன்று.

ஆங்கிலம் மெதுவாகப் படிப்பேன் என்றார். ஹரிணி நாகேந்திரா எழுதி 2022-இல் வெளிவந்த 'த பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்' நாவலை எடுத்துக் கொடுத்தேன். 1921-ஆம் ஆண்டின் பெங்களூர். கணக்கில் ஆர்வமுள்ள காவேரி என்னும் இளம் மனைவி, மருத்துவரான கணவருடன் சேர்ந்து ஒரு கொலையை ஆராய்கிறாள். கதை முடிந்தபின் சமையல் குறிப்புகளும் உண்டு. ஆசிரியர் சூழலியல் அறிஞர் என்பதால் மரங்களும் ஏரிகளும் உயிரோடு வருகின்றன.

13 ஜூலை 2025

நேற்று இரவு முழுவதும் ஒன்று உறுத்தியது. எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அவரிடம் நான் கேட்கவில்லை. தென்னிந்தியர், ஆகவே தென்னிந்தியக் கதை என்று முடிவு செய்துவிட்டேன். சங்கர்லாலைப் பற்றி அவ்வளவு சொன்னாரே, அவரைக் கவர்ந்தது வெளிநாடுகளுக்குப் பறந்து செல்லும் துப்பறிவாளர். பக்கத்து ஊர் அல்ல. இந்த நாட்டில் எனக்கே பலர் இப்படிச் செய்திருக்கிறார்கள். இந்தியப் பெயருள்ள ஆசிரியர் எவராயினும் என்னிடம் நீட்டுவார்கள். வலித்திருக்கிறது. அதையே அவருக்கு நானும் செய்தேன்.

26 ஜூலை 2025

பெரியவர் வந்தார். காவேரியைப் பிடித்திருந்ததாம், மருமகளைப் பற்றிப் பேசுவதுபோல் அன்போடு பேசினார். ஆனால் குற்றவாளியை முன்னரே ஊகித்துவிட்டாராம். "இன்னும் கொஞ்சம் கடினமாகக் கொடும்மா" என்றார். இம்முறை கேட்டேன். குற்றவாளியை எளிதில் கண்டுபிடிக்க முடியாத கதைதான் வேண்டும், இடம் எங்கே இருந்தாலும் சரி என்றார். கதை வாசல், அதிலும் புதிர் வாசல். மரம் முளைத்த உடலின் கதையைச் சொல்லி, 'த டெய்ன்டட் கப்' நாவலை நீட்டினேன். முதல் பக்கங்களில் அறியாத பெயர்களும் பதவிகளும் நெருக்கியடிக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னேன். விக்கிரமாதித்தன் கதையில் பதுமைகள் பேசுவதைப் பொறுத்துக்கொண்டவனுக்கு இது என்ன என்று கேட்டு வாங்கிச் சென்றார். தமிழ் வாசகர்களுக்கு மிகுபுனைவு அந்நியம் என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல மறுமொழி என்னிடம் இல்லை.

2 ஆகஸ்ட் 2025

எத்தனை பக்கம் வரை பொறுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான்சி பேர்ல் சொன்ன கணக்கு பலருக்கும் தெரிந்தது: ஐம்பது வயது வரை, ஐம்பது பக்கம் படித்துப் பாருங்கள், அதற்கு மேற்பட்டவர்கள் தம் வயதை நூறிலிருந்து கழித்து, வரும் எண்ணிக்கையளவு பக்கம் படித்தால் போதும். எழுபத்துநான்கு வயதானவருக்கு இருபத்தாறு பக்கம். வாழ்நாளின் அருமையை உணர்ந்து சொன்ன நல்ல விதி.

இருந்தும் இந்த இரண்டு வகைகளுக்கும் நான் அதைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். மர்ம நாவலில் கொலை நிகழ்ந்த பிறகு முப்பது பக்கம் என்று எண்ண வேண்டும், ஏனென்றால் அதற்கு முன்னர் ஆசிரியர் ஆட்களை உட்கார வைத்துக்கொண்டிருக்கிறார். மிகுபுனைவில், அந்த உலகத்தின் ஒரு விதி உங்களுக்குப் புரிந்த இடத்திலிருந்து எண்ணுங்கள். சுசானா கிளார்க்கின் 'பிரனேசி' 2020-இல் வந்தபோது முதல் நாற்பது பக்கங்களில் திருப்பிக் கொடுத்தவர்கள் பலர். முடிவற்ற கூடங்கள், சிலைகள், கீழ்த்தளத்தில் ஏறி இறங்கும் கடல். அங்கே ஒருவன் எல்லாவற்றையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருக்கிறான். எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் திகைப்பதுதான் அங்கே தொடக்கம். அந்தத் திகைப்பைத் தாங்கியவர்களுக்கு அதைப் போன்ற புதிர் வேறு கிடைப்பது அரிது. அடுத்த ஆண்டு பெண் எழுத்தாளர்களுக்கான பிரிட்டிஷ் புனைவுப் பரிசும் அதற்குக் கிடைத்தது. ஒரே நூலில் முடிந்துவிடும் கதை என்பது அதன் இன்னொரு நன்மை.

தொடர்வரிசைகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். புது வரவுத் தட்டில் இருக்கும் மிகுபுனைவு, தொடரின் மூன்றாம் பாகமாக இருக்கலாம். அட்டைப்படத்தில் அது தெளிவாக இராது. எடுப்பதற்கு முன் கேளுங்கள். மர்மத் தொடரைப் பெரும்பாலும் எங்கிருந்தும் தொடங்கலாம், மிகுபுனைவுத் தொடரை அப்படித் தொடங்க முடியாது.

17 ஆகஸ்ட் 2025

நேற்றிரவு சியாட்டிலில் நடந்த விழாவில், அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் வழங்கப்படும் ஹியூகோ விருதுகளில் சிறந்த நாவலுக்கானது 'த டெய்ன்டட் கப்' நூலுக்குக் கிடைத்திருக்கிறது. மனம் நிறைந்திருக்கிறது. இனி முன்பதிவு வரிசை நீளும். மின்னூலுக்கு ஏன் இத்தனை நீண்ட காத்திருப்பு என்று கேட்பவர்களுக்கு: நூலகம் மின்னூலைச் சொந்தமாக வாங்குவதில்லை. சில பெரிய பதிப்பகங்கள் இரண்டாண்டு உரிமம் தருகின்றன. ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனம் 2011-இல் இருபத்தாறு முறை இரவல் தந்ததும் உரிமம் முடிந்துவிடும் என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்க முடியும். தாள் நூலுக்குப் பதிவு செய்யுங்கள். வரிசை பெரும்பாலும் விரைவாக நகர்கிறது. இரண்டாம் பாகம் இந்த ஏப்ரலில் வந்துவிட்டது. முதலாவதைப் படித்த பிறகு எடுங்கள்.

6 செப்டம்பர் 2025

முதலில் கேட்ட வாசகர் எழுதியிருக்கிறார்: தம் ஊர் நூலகத்தில் மேசைக்குச் சென்று கேட்டாராம். தமக்கு வேண்டியது இடம் என்பது அப்போதுதான் தெரிந்ததாம். 1921-ஆம் ஆண்டுப் பம்பாயில் நடக்கும் 'த விடோஸ் ஆஃப் மலபார் ஹில்' நாவலைக் கொடுத்தார்களாம். வெளிவந்து ஏழு ஆண்டுகளானாலும், படிக்காதவருக்கு அது புதிய நூல்தான். கோஷாவில், அதாவது வெளி ஆண்கள் கண்ணில் படாமல், வாழும் மூன்று விதவைகளின் வழக்கை எடுத்து நடத்தும் பெண் வழக்கறிஞரின் கதை. இந்தியாவின் முதல் பெண் வழக்கறிஞராக அறியப்படும் கார்னீலியா சொராப்ஜியின் வாழ்க்கையால் தூண்டப்பெற்று எழுதப்பட்டது. முடித்துவிட்டு அடுத்ததை எடுத்திருக்கிறார்.

கும்பகோணத்துப் பெரியவர் அடுத்த வாரம் ஊர் திரும்புகிறார். மரம் முளைத்த கதையை, எழுத்துப் பெரிதாக்கப்பட்ட பதிப்பு இல்லாததால், உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஐந்து வாரத்தில் முடித்தார். குற்றவாளியை அவரால் ஊகிக்க முடியவில்லை என்பதை மகிழ்ச்சியோடு சொன்னார். நீங்களே ஓர் அட்டை எழுதுங்கள் ஐயா என்று கேட்டேன். தலைமை நூலகரிடம் அனுமதி வாங்கினேன். தமிழிலேயே எழுதினார். முதலில் எழுதியதில், கதையின் நடுவில் நடக்கும் ஒன்றைக் குறிக்கும் வரி இருந்தது. படித்துப் பார்த்துவிட்டு, "இதைச் சொல்லக் கூடாதில்லையா" என்று அவரே அடித்துவிட்டு வேறோர் அட்டை கேட்டார். இப்போது அதில் இருப்பது இவ்வளவுதான்: 'முதல் நாற்பது பக்கம் பொறுமையாகப் படியுங்கள். பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தேநீர் பக்கத்தில் இருக்கட்டும்.'

நேற்று மாலை, தோட்டக்கலை நூல்களைத் திருப்பிக் கொடுக்க வந்த அந்த அம்மையார், தட்டின் முன் நின்று, இது எந்த மொழி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். கதையில் துயரமான இடங்கள் உண்டா என்று கேட்டார். சாவுகள் உண்டு, நோயில் வாடும் கணவர் இல்லை என்றேன். சற்று நேரம் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நூலை எடுத்து மேசையில் வைத்தார்.